கண்ணை விற்றுச் சித்திரமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கால்பந்தில் அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து எடுத்துக்கொள்ளும் டிராஃப்ட் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் நல்ல குவார்ட்டர்பேக் இல்லாத அணி என்ன விலை கொடுத்தாவது வரிசையில் முன்னேறி, மனதுக்குப் பிடித்த பையனை எடுத்துவிட வேண்டும் என்கிறார் கட்டுரையாளர். 2023-இல் கரோலினா பேந்தர்ஸ் அப்படி முதல் இடத்துக்கு முன்னேறி பிரைஸ் யங்கை எடுத்ததில், முன்னேறியது சரிதானாம், ஆளைத் தேர்ந்தெடுத்ததில் மட்டும்தான் பிழையாம். நான் அந்த அணியின் ஊரான சார்லட்டில் குடியிருப்பவன். அந்த ஆண்டு அந்த அணியின் ஆட்டம் ஒன்றைக்கூட விடாமல் பார்த்தவன். ஆள் விஷயத்தில் பெரிய பிழை நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கொடுத்த விலைதான் பிழை.

இந்த ஆட்டத்துக்குப் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. மொத்தம் 32 அணிகள், ஏழு சுற்று. போன ஆண்டு கடைசியில் நின்ற அணிக்கே முதல் வாய்ப்பு. தன் முறை வரும்வரை காத்திருக்க மனமில்லாத அணி, முன்னால் நிற்கும் அணிக்குத் தன் வாய்ப்புகளைக் கொடுத்து இடம் மாற்றிக்கொள்ளலாம். இதைத்தான் டிரேட் அப் என்கிறார்கள்.

2023 மார்ச்சில் பேந்தர்ஸிடம் இருந்தது 9-ஆவது இடம். முதல் இடம் சிகாகோ பேர்ஸ் கையில். அந்த ஓர் இடத்துக்காக இவர்கள் எண்ணி வைத்ததைப் பாருங்கள்: 9-ஆவது இடம், 61-ஆவது இடம், 2024-இன் முதல் சுற்று வாய்ப்பு, 2025-இன் இரண்டாம் சுற்று வாய்ப்பு. அதுவும் போதாமல், வீசும் பந்தைப் பிடிக்கும் ரிசீவரான டி.ஜே. மூர். அந்த 61-ஆவது இடம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து மாதம் முன்புதான் கிறிஸ்டியன் மெக்கேஃப்ரியை சான் ஃபிரான்சிஸ்கோவுக்குக் கொடுத்து அதை வாங்கியிருந்தார்கள். ஆக, அணியின் மிகச் சிறந்த ஓட்டக்காரனும் மிகச் சிறந்த ரிசீவரும் ஒரே பேரத்தில் கரைந்து போனார்கள்.

எனக்கு ஆறாதது மூரைக் கொடுத்ததுதான். 2019, 2020, 2021 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து ஆயிரம் கெஜத்தைத் தாண்டியவர் அவர். அந்த மூன்று ஆண்டும் அவருக்குப் பந்து வீசியவர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள், யார் வீசினாலும் பிடித்தார். 21 வயதுப் பையனைக் கொண்டுவந்து குவார்ட்டர்பேக்காக நிறுத்தப் போகிறோம் என்றால், அவனுக்கு முதலில் தேவைப்படுவது பதறி வீசிய பந்தையும் தாவிப் பிடிக்கிற ஒரு ரிசீவர். அந்த ஆளைக் கொடுத்துத்தான் இந்தப் பையனை வாங்கினார்கள். கண்ணை விற்றுச் சித்திரம் வாங்குவது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். இதைவிடப் பொருத்தமான இடம் அந்தப் பழமொழிக்குக் கிடைக்காது. மூர் சிகாகோவுக்குப் போன முதல் ஆண்டே 1,364 கெஜம் எடுத்தார்.

பிரைஸ் யங் அலபாமா பல்கலைக்கழகத்தில் ஆடி, மிகச் சிறந்த கல்லூரி வீரருக்கான 2021-இன் ஹைஸ்மன் விருதை வாங்கி வந்தவர். இங்கே முதல் ஆண்டில் 62 முறை சாக் வாங்கினார், அதாவது பந்தை வீசுமுன்பே எதிரணி அவரை வீழ்த்தியது. அணி 17 ஆட்டத்தில் இரண்டே இரண்டில் வென்றது. பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக்கை 11 ஆட்டத்தோடு அனுப்பிவிட்டார்கள்.

2024 ஜனவரி 7, கடைசி ஆட்டம். தாம்பா பே அணியோடு இங்கே சார்லட்டில். பையனைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முந்தைய வாரம் ஜாக்சன்வில்லில் 26-0 என்று தோற்றிருந்தார்கள். அன்றும் 9-0. இரண்டு வாரமாக ஒரு புள்ளிகூட இல்லை. எங்களைச் சுற்றி நாற்காலிகள் வெறிச்சென்று கிடந்தன. யங் ஒவ்வொரு முறை கீழே விழும்போதும் கையூன்றி எழுந்து, ஹெல்மெட்டைச் சரிசெய்துகொண்டு, அடுத்த முயற்சிக்குத் தன் ஆட்களை நோக்கி நடந்தார். என் பையன் கேட்டான்: "அப்பா, இவ்வளவு தோத்தா அடுத்த வருஷம் நமக்குத்தானே முதல் ஆள் கிடைக்கும்?" இல்லைடா, அது சிகாகோவுக்குப் போய்விட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. தோற்றுப் போகிறவர்களுக்கு இந்த லீக் தரும் ஒரே ஆறுதல் அந்த முதல் இடம். அதையும் பத்து மாதம் முன்பே எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்த இடத்தில்தான் சிகாகோ கேலப் வில்லியம்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. 2025-இல் எங்கள் இரண்டாம் சுற்றில் லூதர் பர்டனையும் எடுத்துக்கொண்டது.

கட்டுரையாளர் கான்சஸ் சிட்டியின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எடுத்துக்காட்டுகிறார். சரி, அதையும் பார்ப்போம். 2017-இல் கான்சஸ் சிட்டி 27-இலிருந்து 10-க்கு ஏறியது. அதற்கு முந்தைய ஆண்டு அந்த அணி 12 ஆட்டத்தில் வென்றிருந்தது. அலெக்ஸ் ஸ்மித் என்ற தேர்ந்த குவார்ட்டர்பேக் ஏற்கெனவே இருந்தார். மஹோம்ஸை ஓர் ஆண்டு உட்கார வைத்துக் கற்றுக்கொடுக்க முடிந்தது, அந்த ஆண்டில் அவர் தொடக்க வீரராக இறங்கியது ஒரே ஓர் ஆட்டத்தில். அவர்கள் விட்டுக்கொடுத்த அடுத்த ஆண்டு முதல் சுற்றும் வரிசையில் பின்னால் வந்த இடம்தான், ஏனென்றால் அணி தொடர்ந்து வென்றுகொண்டிருந்தது. அவர்களுக்கு அந்த விலை கட்டுப்படியானது.

2023 டிராஃப்டிலேயே ஹூஸ்டன் டெக்ஸன்ஸும் ஏறியதே என்று கேட்கலாம். ஏறியது, உண்மைதான். 2-ஆவது இடத்தில் யாருக்கும் எதுவும் கொடுக்காமல் குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரவுடை எடுத்துவிட்டு, 12-இலிருந்து 3-க்குத் தாவி தற்காப்பு வீரர் வில் ஆண்டர்சனையும் எடுத்தது. ஆனால் அந்த 12-ஆவது இடம், தன் பழைய குவார்ட்டர்பேக் டிஷான் வாட்சனைக் கொடுத்து கிளீவ்லாந்திடமிருந்து வாங்கிய கூடுதல் இடம். 2024-க்கும் அவர்களிடம் இரண்டு முதல் சுற்று இருந்தது, அதில் ஒன்றைத்தான் கொடுத்தார்கள். பத்தாயத்தில் மிஞ்சியதை எடுத்துச் செலவு செய்வது வேறு, விதைநெல்லில் கை வைப்பது வேறு. இரண்டுக்கும் டிரேட் அப் என்று ஒரே பெயர் இருப்பதால்தான் இந்தக் குழப்பமெல்லாம்.

வலுவான அணி தவறு செய்தால்கூட எழுந்துவிடுகிறது. 2021-இல் சான் ஃபிரான்சிஸ்கோ மூன்று முதல் சுற்றுகளைக் கொட்டி, 3-ஆவது இடத்தில் டிரே லான்ஸ் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அவர் அங்கே தொடக்க வீரராக ஆடியது நான்கே ஆட்டம். அப்புறம் 2022-இல் 262-ஆவது ஆளாக, அதாவது கடைசிக்கும் கடைசியாக வந்த குவார்ட்டர்பேக் பிராக் பர்டி அந்த அணியை லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலுக்கே கொண்டுபோனார். மற்ற எல்லா இடத்திலும் ஆள் இருந்ததால் அது நடந்தது.

2012-இல் வாஷிங்டன் அணி ராபர்ட் கிரிஃபின் என்ற குவார்ட்டர்பேக்குக்காக ராம்ஸ் அணிக்கு மூன்று முதல் சுற்றும் ஓர் இரண்டாம் சுற்றும் கொடுத்தது. முதல் ஆண்டில் அந்தப் பையன் ஆடிய ஆட்டத்தை மறக்க முடியாது. ஆனால் பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றில் முழங்கால் போனது. 2014 டிசம்பரில் ராம்ஸ் அணி வாஷிங்டனோடு மோதியபோது, அந்தப் பேரத்தில் கிடைத்த இடங்களால் வந்த ஆறு பேரைத் தங்கள் கேப்டன்களாக நாணயம் சுண்ட அனுப்பியது. ஆறு பேரும் மைதானத்தின் நடுவில் வரிசையாக நின்றார்கள். அன்று 24-0 என்று ராம்ஸ் வென்றது.

ஏறவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. முன்வரிசைத் தடுப்பாட்டக்காரர்கள் சரியாக இருக்கிறார்களா, பந்து பிடிக்க ஆள் இருக்கிறார்களா, ஓர் ஆண்டு பொறுத்துக்கொள்ள மூத்த குவார்ட்டர்பேக் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகு ஏறட்டும். இது எதுவும் இல்லாத அணி அடுத்த ஆண்டும் கீழேதான் கிடக்கும். அப்போது அதற்கு மிகவும் தேவைப்படும் பொருள் வேறொருவர் கையில் இருக்கும். 2024-இல் இரண்டே ஆட்டத்துக்குப் பிறகு யங்கை உட்கார வைத்தார்கள். பிறகு திரும்ப வந்து, தலைநிமிர்ந்து ஆடிக் காட்டினார். மூர் பக்கத்தில் இருந்திருந்தால் அந்த முதல் ஆண்டு அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஏப்ரலில் டிராஃப்ட் பட்டியலை வெளியிடும்போது, எந்த அணி யாரை எடுத்தது என்பதோடு நிறுத்த வேண்டாம். ஏறிய அணிகளின் பெயருக்கு எதிரே அவை எதையெல்லாம் கொடுத்தன, யாரையெல்லாம் அனுப்பின என்பதையும் ஒரு பத்தியில் போடுங்கள்.

— நெடுநாள் வாசகன்,
சார்லட், வட கரோலினா