வீடு கட்டும் வேலையை யாரிடம் விடுவது

பட்டுக்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று போனில் நீ கேட்டதற்கு, அடுப்பில் குழம்பு இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். குழம்பெல்லாம் இல்லை, யோசிக்க நேரம் வேண்டியிருந்தது. புது வீட்டு வேலையை மொத்தமாக ஒரு காண்ட்ராக்டரிடம் கொடுப்பதா, புராஜெக்ட் மேனேஜர் ஒருவரை வைத்து நாமே ஆள்பிடித்துக் கட்டுவதா என்றாய். கூடவே, "அதான் நீங்க இருக்கீங்களேம்மா, பார்த்துக்க மாட்டீங்களா" என்றாய். அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். மாட்டேன்.

1998இல் இந்த வீடு கட்டும்போது அப்பா மஸ்கட்டில். கொத்தனாருக்குக் கூலி மட்டும், சாமான் எல்லாம் நம்முடையது. காலையில் சிமெண்ட் மூட்டையை எண்ணிக் கொடுப்பேன், சாயங்காலம் காலிச் சாக்கை எண்ணி வாங்குவேன். ஒருநாள் இரண்டு சாக்கு குறைந்தது. யாரும் வாய் திறக்கவில்லை. தளம் போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியது நான், ஆசாரி வராத அன்று அவர் வீட்டு வாசலில் போய் நின்றதும் நான். உன்னை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டால் ஜல்லிக் குவியலில் ஏறிவிடுவாய். புராஜெக்ட் மேனேஜர் என்று நீ சொல்வது இந்த வேலையைத்தான். எனக்குச் சம்பளம் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது என் முழங்காலுக்கு ஏணி ஆகாது.

காண்ட்ராக்டர் என்றால் சாமானும் ஆளும் அவர் பொறுப்பு. கம்பி விலை ஏறினால் அவர் கையைத்தான் கடிக்கும். ஆனால் மிச்சம் பிடித்தால் அதுவும் அவருக்கே. எதில் மிச்சம் பிடித்தார் என்று உனக்குத் தெரியாது. பின்தெருவில் ஒரு வீட்டில் சதுர அடிக் கணக்கு பேசிச் சந்தோஷமாக ஆரம்பித்தார்கள். தண்ணீர் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்ட் சுவர் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை என்பது பாதி வேலையில்தான் தெரிந்தது. அந்த அம்மா வளையலை அடகு வைத்து முடித்தார்.

மேனேஜர் என்றால் அவர் உன் ஆள். பில் எல்லாம் உன் பேரில் வரும், கம்பி எத்தனை கிலோ என்று உனக்குத் தெரியும். காண்ட்ராக்டர் பில்லில் 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. தனி வீட்டுக்கு வெறும் கூலி ஒப்பந்தம் என்றால் அந்தக் கூலிக்கு வரி கிடையாது. சரி, லாபம்தானே என்பாய். நாளைக்குத் தளம் ஒழுகினால் மேனேஜர் கொத்தனாரைக் கைகாட்டுவார், கொத்தனார் மணலைக் கைகாட்டுவார். நஷ்டம் உன்னுடையது. சம்பளத்தை மொத்தச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசினால் இன்னொரு வம்பு: செலவு ஏறினால் அவருக்கும் ஏறும். பிறகு எப்படி விலையைக் குறைத்துப் பேசுவார்?

நீ வருஷத்துக்கு ஒரு தடவை வருகிறவன். பத்துப் பேரோடு தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு போனிலேயே மல்லுக்கட்ட உன்னால் முடியாது. 1,200 சதுர அடி வீட்டுக்கு அது தேவையும் இல்லை. நாலு மாடி லாட்ஜ் கட்டினால் வேறு பேச்சு. காண்ட்ராக்டரிடமே கொடு. ஆனால் அவருக்கு உறவோ பழக்கமோ இல்லாத ஒரு என்ஜினியரை, வந்து பார்க்கும் தடவைக்கு இவ்வளவு என்று பேசி வைத்துக்கொள். கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் ஊற்றும் முன் அவர் பார்த்தே ஆகவேண்டும். ஊற்றிய பிறகு கடவுளுக்குத்தான் தெரியும். தளத்துக்கு அடியில் தாங்கலாகக் கொடுத்த முட்டைப் பிரிப்பதும் அவர் சொல்லித்தான் நடக்க வேண்டும். சுவருக்குச் சுவர் நாலரை மீட்டருக்கு மேல் இடைவெளி உள்ள தளத்தில் முட்டு 14 நாளாவது நிற்கவேண்டும். முட்டுக்கும் அதன்மேல் அடிக்கும் சென்டரிங் பலகைக்கும் நாள் வாடகை ஓடுவதால் காண்ட்ராக்டருக்கு அவசரமாக இருக்கும்.

பணத்தை அடித்தள பேஸ்மென்ட், கதவு ஜன்னலுக்கு மேலே வரும் லிண்டல், தளம், பூச்சு என்று வேலை முடிய முடியக் கொடு. கடைசி ஐந்து சதவீதத்தை ஒரு ஐப்பசி கார்த்திகை மழை பார்த்த பிறகு தருவதாக எழுதி வாங்கு. பெரிய மாமாவை மேற்பார்வைக்குக் கூப்பிடாதே. அவரிடம் காசு விஷயத்தில் கேள்வி கேட்க உனக்கும் வராது, எனக்கும் வராது.

பிளான் வந்ததும் அனுப்பு. மாடிப்படிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அம்மா