மூன்று மணி நேரமாவது இருக்கட்டும்

டர்பன்

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் குழந்தைகளும் நலமாக இருக்க வேண்டுகிறோம். பெரிய வெள்ளியன்று இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் சின்னவனுக்கு முடியிறக்க வருவதாக நீ அனுப்பிய பயணத் திட்டத்தை அம்மா என்னை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவளுக்கு வியாழக்கிழமை என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. அன்றே கோயிலுக்கு வேண்டியவற்றைக் குறித்து வைக்கத் தொடங்கிவிட்டாள். எனக்கு மட்டும் ஒரு வரியைத் தாண்டிக் கண் போகவில்லை. காலை 7.55க்கு லண்டன் விமானம் ஜோகன்னஸ்பர்க்கில் இறங்குகிறது, 9.30க்கு டர்பன் விமானம் புறப்படுகிறது என்று எழுதியிருந்தாய். அந்த இடைவெளி போதாது, மகளே. தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "போன வருடம் தோஹாவில் ஒன்றேகால் மணி நேரத்தில் மாறினோமே, அப்பா" என்று நீ கேட்டாய். நியாயமான கேள்விதான். குழந்தைகள் அழுதுகொண்டிருந்ததால் அப்போது பதில் சொல்ல முடியாமல் போனது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

தோஹாவில் நீங்கள் ஒரு வெளிநாட்டு விமானத்திலிருந்து இன்னொரு வெளிநாட்டு விமானத்துக்கு மாறினீர்கள். கத்தார் நாட்டுக்குள் நீங்கள் நுழையவே இல்லை. கடவுச்சீட்டில் யாரும் முத்திரை குத்தவில்லை, பெட்டிகளை நீங்கள் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. விமான நிலையத்து ஆட்களே அவற்றை ஒரு வயிற்றிலிருந்து எடுத்து இன்னொரு வயிற்றில் ஏற்றினார்கள். கைப்பையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வாயில் எண்ணைத் தேடி நடந்ததுதான் உங்கள் வேலை. அதற்கு ஒன்றேகால் மணி நேரம் போதும்.

ஜோகன்னஸ்பர்க்கில் நீங்கள் செய்யப் போவது வேறு. அங்கே தென்னாப்பிரிக்காவுக்குள் நுழைகிறீர்கள். அங்கிருந்து டர்பனுக்கு வரும் விமானம் உள்நாட்டு விமானம். அதில் வந்து இங்குள்ள கிங் ஷாகா விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் சுங்க அதிகாரி எவரையும் பார்க்காமல் வெளியே வந்துவிடுவார்கள். எனவே குடிவரவு, சுங்கம் இரண்டும் நீங்கள் முதலில் தரையிறங்கும் ஜோகன்னஸ்பர்க்கின் ஓ.ஆர். டாம்போ விமான நிலையத்திலேயே முடிய வேண்டும். சுங்கம் என்றால் பெட்டி உங்கள் கையில் இருக்க வேண்டும். பெட்டியை எடுத்து, சுங்கத்தைக் கடந்து, வெளியே வந்து, உள்நாட்டு முனையத்துக்கு நடந்து, மறுபடியும் ஒப்படைத்து, மறுபடியும் பாதுகாப்புச் சோதனைக்கு நின்று, பிறகுதான் வாயிலுக்குப் போக முடியும். நேரத்தைத் தின்பது தூரமல்ல. முனையங்கள் இரண்டும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன, 2010 உலகக் கோப்பைக்காகக் கட்டிய மைய மண்டபம் இரண்டையும் இணைக்கிறது. வரிசைகள்தான் நேரத்தைத் தின்கின்றன.

பலர் ஏமாறும் ஓர் இடத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரே பயணச்சீட்டாக எடுத்தால், லண்டனில் பெட்டியின் கைப்பிடியில் சுற்றிவிடும் நீளத்தாளில் டர்பனுக்குரிய டி.யு.ஆர். என்ற மூன்றெழுத்துதான் பெரிதாக அச்சாகியிருக்கும். கவுண்டரில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு, "டர்பனில் எடுத்துக்கொள்ளலாம்" என்றுகூடச் சொல்வார். அதை நம்பி நேராக உள்நாட்டு முனையத்துக்குப் போய்விடாதே. நீளத்தாளில் எந்த ஊர் இருந்தாலும், ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டிகள் வரும் பெல்ட் அருகே நின்று நான்கு பெட்டிகளையும் எடுத்த பிறகே நகர வேண்டும். இல்லையென்றால் நீங்கள் டர்பன் வந்து சேர்வீர்கள், பெட்டிகள் ஜோகன்னஸ்பர்க்கில் உரிமை கோர ஆளில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். முடியிறக்கிய குழந்தைக்கு உடுத்த வேண்டிய புதுத்துணி அதற்குள்தானே இருக்கும்?

இப்போது உன் திட்டத்தை நிமிடக் கணக்கில் பார்ப்போம். 7.55 முதல் 9.30 வரை 95 நிமிடம் என்று நீ எண்ணுகிறாய். உள்நாட்டு விமானத்துக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரை வழக்கமாகப் புறப்படும் நேரத்துக்கு 40 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள். ஆகவே உனக்குரிய கடைசி நேரம் 8.50. மீதி இருப்பது 55 நிமிடம். 7.55 என்பது சக்கரம் தரையைத் தொட்டு, விமானம் தன் இடத்தில் வந்து நிற்கும் நேரம். கதவு திறந்து, முன்வரிசைக்காரர்கள் எல்லாம் இறங்கி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வரிசையிலிருந்து நீங்கள் வெளியே வரக் கால் மணி நேரமாவது ஆகும். 40 நிமிடம் மிஞ்சுகிறது. அந்த 40 நிமிடத்துக்குள் குடிவரவு வரிசை, பெல்ட், சுங்கம், நடை, கவுண்டர் வரிசை ஆகிய ஐந்தும் அடங்க வேண்டும். விமானம் 20 நிமிடம் தாமதமாக வந்தால் பாதி போய்விட்டது. இந்தக் கணக்கை உறைக்குப் பின்னால் பென்சிலால் மூன்று முறை போட்டுப் பார்த்தேன்; மூன்று முறையும் தேறவில்லை.

குடிவரவு வரிசையைப் பற்றி உனக்குத் தெரியும், ஆனால் நீ தனியாக வந்த காலத்தை வைத்துத்தான் தெரியும். ஐரோப்பாவிலிருந்து இரவில் கிளம்பும் பெரிய விமானங்கள் பலவும் காலையில் சிறிது நேர இடைவெளியில் அடுத்தடுத்து வந்து இறங்குகின்றன. உனக்கு முன்னால் ஒரு விமானம் இறங்கியிருந்தாலே முந்நூறு பேர் உனக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று பொருள். உன்னிடம் இருப்பது நம் நாட்டுக் கடவுச்சீட்டு. அந்த வரிசை ஓரளவு வேகமாக நகரும். மாப்பிள்ளையிடம் இருப்பது பிரிட்டன் கடவுச்சீட்டு. அவர் வெளிநாட்டார் வரிசையில் நிற்க வேண்டும். நீ முதலில் வெளியே வந்து என்ன பயன்? அவர் வரும்வரை நிற்கத்தானே வேண்டும்! பெல்ட்டிலும் அப்படித்தான்: மூன்று பெட்டி முதலிலேயே வந்துவிடும், நான்காவது கடைசியில் வரும். குழந்தையின் தள்ளுவண்டி சில நேரம் பெல்ட்டில் வராமல், பெரிய சாமான்கள் வரும் தனி இடத்துக்கு வந்து கிடக்கும். அதையும் கேட்டு வைத்துக்கொள்.

இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. 2004இல் உன் அத்தை மகள் திருமணத்துக்காக நாம் கும்பகோணம் போனது உனக்கு மங்கலாக நினைவிருக்கலாம். உனக்கு அப்போது ஒன்பது வயது. ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து மும்பைக்கு ஒரு சீட்டும், மும்பையிலிருந்து சென்னைக்குத் தனியாக ஒரு சீட்டும் எடுத்திருந்தேன். தனித்தனியாக எடுத்தால் மலிவு என்று நானேதான் முடிவு செய்தேன். நடுவில் இரண்டரை மணி நேரம் விட்டிருந்தேன், அது தாராளம் என்றும் நினைத்தேன். மும்பையில் அந்தக் காலத்தில் வெளிநாட்டு விமானங்கள் சஹாரில் இறங்கும், உள்நாட்டு விமானங்கள் சாண்டாகுரூசிலிருந்து கிளம்பும். நடுவே சாலை வழியாகத்தான் போக வேண்டும். நம் விமானம் முக்கால் மணி நேரம் தாமதமாக இறங்கியது. குடிவரவு முடித்து பெல்ட் அருகே வந்தால், தாய்மாமன் சீருக்கு நான் வாங்கி வைத்திருந்த பட்டுச்சேலை இருந்த பெட்டி வரவில்லை. மஞ்சள் நாடா கட்டிய பச்சைப் பெட்டி அது. நீ தள்ளுவண்டியில் மற்ற பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, பெல்ட்டில் ஒவ்வொரு பெட்டியும் திரை விலகி வெளியே வரும்போதெல்லாம், "இதுவா அப்பா, இதுவா அப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். பெட்டி வந்தபோது நேரம் போய்விட்டது. சாண்டாகுரூசுக்கு நாம் போய்ச் சேர்ந்தபோது கவுண்டரில் இருந்த பெண், விமானம் இன்னும் கிளம்பவில்லை என்பதையும், ஆனால் எங்களை ஏற்ற முடியாது என்பதையும் ஒரே வாக்கியத்தில் சொன்னார். முதல் விமானம் தாமதமாக வந்தது அவர்கள் நிறுவனத்தின் பொறுப்பு அல்ல என்றார். அவர் சொன்னது முறைப்படி சரி. இரண்டு சீட்டும் இரண்டு தனித்தனி ஒப்பந்தங்கள்.

புதுச்சீட்டு வாங்கி, சென்னை வந்து, வாடகைக் காரில் கும்பகோணம் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்தில் கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. தாலி ஏறி நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. மணமேடையில் நான் ஏந்தியிருக்க வேண்டிய சீர்த்தட்டை என் சித்தப்பா மகன் ஏந்தியிருக்கிறான். அத்தை என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. "முதலில் பிள்ளையைச் சாப்பிட வை" என்றாள். அவர்கள் வீட்டு ஆல்பத்தில் அந்தப் பக்கம் வரும்போது இன்றும் நான் வேகமாகப் புரட்டிவிடுவேன்.

இப்போது உன் இரண்டாவது யோசனைக்கு வருகிறேன். லண்டன்–ஜோகன்னஸ்பர்க் சீட்டைத் தனியாகவும் டர்பன் சீட்டை ஒரு மலிவு நிறுவனத்தில் தனியாகவும் எடுத்தால் நால்வருக்கும் சேர்த்து 90 பவுண்டு மிச்சமாகும் என்று எழுதியிருக்கிறாய். வேண்டாம். ஒரே பதிவில் எடுத்து, முதல் விமானத்தின் தாமதத்தால் இணைப்பு தவறினால், அடுத்த விமானத்தில் ஏற்றி ஊர் கொண்டுவந்து சேர்ப்பது உனக்குச் சீட்டு விற்ற நிறுவனத்தின் கடமை. தனித்தனியாக எடுத்தால் இரண்டாவது நிறுவனத்தின் பார்வையில் நீ சொன்ன நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். மலிவுச் சீட்டில் பெரும்பாலும் பணமும் திரும்பாது. போகவர எடுத்த சீட்டாக இருந்தால், பல நிறுவனங்கள் திரும்பும் பயணத்தையும் சேர்த்தே ரத்து செய்துவிடும். பிரிட்டனிலிருந்து கிளம்பும் பயணத்துக்கு அங்கே உள்ள இழப்பீட்டு விதியும், ஒரே பதிவாக இருந்தால் கடைசி ஊரை அடையும் நேரத்தை வைத்துத்தான் தாமதத்தை அளக்கிறது. இந்தப் பாதுகாப்பையெல்லாம் 90 பவுண்டுக்கு விற்றுவிடாதே. அந்தத் தொகையை நானே தருகிறேன்.

"நிறுவனமே 95 நிமிட இணைப்பை விற்கிறதே, முடியாததை விற்பார்களா" என்று மாப்பிள்ளை கேட்டதாகச் சொன்னாய். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் குறைந்தபட்ச இணைப்பு நேரம் என்று ஒன்று வகுத்திருக்கிறார்கள்; வெளிநாட்டிலிருந்து உள்நாட்டுக்கு மாற ஒரு கணக்கு, வெளிநாட்டிலிருந்து வெளிநாட்டுக்கு மாற இன்னொரு கணக்கு. அந்த அளவுக்குக் கீழே போனால்தான் பதிவு முறை மறுக்கும். அது அடித்தளம், எல்லாம் நேரத்துக்கு நடந்தால் நடந்துவிடும் என்பதற்கு மேல் அதில் உறுதி எதுவும் இல்லை. மடியில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குழந்தைகளோடு பதினொரு மணி நேரம் பறந்து வரும் ஒரு தாயை நினைத்து வகுத்த எண் அல்ல அது.

ஆகவே ஒரே சீட்டாக எடு. நடுவில் மூன்று மணி நேரமாவது விடு. பதினொரு மணியை ஒட்டி ஒரு விமானம் கிடைத்தால் போதும். எக்காரணத்தைக் கொண்டும் இரண்டு சீட்டாகத்தான் எடுக்க வேண்டியிருந்தால் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாதே. காலையில் வருவதை மட்டும் மாற்றாதே. அதில் நீ சரியாகத்தான் தேர்ந்திருக்கிறாய். ஜோகன்னஸ்பர்க்–டர்பன் தடத்தில் நாள் முழுவதும் விமானங்கள் உண்டு, ஒன்று தவறினாலும் பின்னால் ஒன்று இருக்கும். மாலையில் இறங்கிக் கடைசி விமானத்தை நம்புகிறவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்கு மிஞ்சுவது விடுதி அறை, அல்லது என்3 நெடுஞ்சாலையில் ஆறு மணி நேரக் கார் பயணம். இரவில், மூடுபனியில், வான் ரீனன் கணவாயை மாப்பிள்ளை ஓட்டிக் கடப்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

முடிந்தால் புதன்கிழமையே வந்துவிடுங்கள். பெரிய வெள்ளிக்கு முந்தைய வியாழன் நாடே ஊருக்குக் கிளம்பும் நாள். அடுத்த விமானத்தில் ஏற்ற நிறுவனம் விரும்பினாலும், நான்கு இருக்கைகள் சேர்ந்தாற்போல் காலியாக இருக்க வேண்டுமே. அம்மா சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: மாப்பிள்ளை வீட்டில் செடியோ விதையோ கொடுத்தால் அன்போடு மறுத்துவிடு. அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் சுங்கத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க நேரிடும், நாம் பாடுபட்டுச் சேர்த்த நிமிடங்கள் அங்கே கரைந்துபோகும். வண்டியைத் தள்ளித் தருகிறேன் என்று வருகிறவர்களில் சீருடையும் அடையாள அட்டையும் உள்ளவரிடம் மட்டும் பெட்டியைக் கொடு. குழந்தைகளுக்கான மாற்றுத்துணி ஒன்றையும் மருந்தையும் கைப்பையில் வை. திரும்பிப் போகும்போது இவ்வளவு பாடு இல்லை. ஒரே சீட்டாக இருந்தால் பெட்டிகளைக் கிங் ஷாகாவிலேயே லண்டன் வரைக்கும் ஒப்படைத்துவிடலாம். ஆனாலும் ஜோகன்னஸ்பர்க்கில் வெளியேறும் முத்திரைக்கு வரிசை உண்டு, அதற்கும் இரண்டரை மணி நேரம் ஒதுக்கு.

சீட்டை மாற்றியதும் பதிவு எண்ணை எனக்கு அனுப்பு. நான் வரவேற்பு வாசலில் நிற்பேன். அம்மா வீட்டிலேயே இருப்பாள். நீங்கள் ஜோகன்னஸ்பர்க்கில் பெட்டிகளை ஒப்படைத்துவிட்டு ஒரு வார்த்தை சொன்னால், அவள் அப்போது அரிசியைக் களைந்து உலையில் போடுவாள். சோறு சூடாக இருக்க வேண்டும் என்பது அவள் கவலை.

அன்புடன்,
அப்பா