ஆர்க்கிடுக்கு அலங்காரத் தொட்டி வாங்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். பூத்த ஆர்க்கிட் செடி வாங்கிய கையோடு பலரும் கேட்பது, "இதற்குப் பொருத்தமாக ஒரு நல்ல தொட்டி காட்டுங்கள்" என்பதுதான். பூவின் நிறத்துக்குப் பொருத்தம் பார்ப்பதில் தவறில்லை. அதற்கு முன் வேரைப் பார்த்துவிடுங்கள்.

ஃபலனாப்சிஸ், கேட்லியா, வாண்டா போன்ற ஆர்க்கிட் வகைகள் காட்டில் மரக்கிளைகளைப் பற்றி வளர்பவை. அவற்றின் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற ஓர் உறை உண்டு. தண்ணீர் பட்டதும் அது உறிஞ்சிப் பச்சையாகும். உலர்ந்ததும் வெள்ளி கலந்த சாம்பல் நிறத்துக்குத் திரும்பும். உலரவே வழியில்லாத தொட்டியில் அதே வேர் பழுப்பாகிக் கொழகொழத்துவிடும். விரலால் இழுத்தால் உறை கழன்று வந்து, நடுவில் நூல் மாதிரி ஒரு நரம்பு மட்டும் மிஞ்சும். அழுகிய வேர் தண்ணீர் எடுக்காது. அதனால் இலை சுருங்கும். சுருங்கிய இலையைப் பார்த்துத் தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றுவார்கள். பெரும்பாலான ஆர்க்கிடுகள் போவது இப்படித்தான்.

ஆகவே எங்கள் முதல் யோசனை, அலங்காரத் தொட்டியில் செடியை நடவே வேண்டாம் என்பது. செடி அதன் பிளாஸ்டிக் தொட்டியிலேயே இருக்கட்டும், அதை அப்படியே அலங்காரத் தொட்டிக்குள் இறக்கி வையுங்கள். உள்தொட்டியின் வாய் 12 செ.மீ. என்றால் வெளித்தொட்டியின் வாய் உள்ளளவாக 14 முதல் 15 செ.மீ. இருக்க வேண்டும். சுற்றிலும் ஒரு விரல் நுழைந்தால் சரி. அடியில் 2 செ.மீ. உயரத்துக்குக் கூழாங்கல் பரப்பி அதன்மேல் வைத்தால், வடியும் கொஞ்ச நீர் வேரைத் தொடாது. தண்ணீர் விடும்போது உள்தொட்டியை வெளியே எடுத்து, குழாயடியில் நன்றாக நனைத்து, கால் மணி நேரம் வடியவிட்டுத் திரும்ப வையுங்கள். அலங்காரத் தொட்டிக்குள்ளேயே ஊற்றினால் அடியில் தேங்குவது கண்ணுக்குத் தெரியாது. பீங்கான் தொட்டியில் ஓட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்பது இந்த முறைக்கு மட்டுமே பொருந்தும்.

நேரடியாகத்தான் நட வேண்டும் என்றால், பூச்சில்லாத சுடுமண் தொட்டி நல்லது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். பக்கவாட்டில் துளையிட்டவை இன்னும் மேல். ஆனால் பிளாஸ்டிக்கைவிடச் சீக்கிரம் காய்ந்துவிடும், கவனம். புதுத் தொட்டியைச் சில மணி நேரம் நீரில் ஊறவைத்த பிறகே நடுங்கள். இல்லையென்றால் முதல் தண்ணீரைத் தொட்டியே குடித்துவிடும். பின்னாளில் வேர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். பிடுங்காமல், தொட்டியோடு நீரில் ஊறவைத்துத் தளர்த்துங்கள். வெளிப்புறம் வெள்ளையாகப் பூத்தால் அது உரமும் நீரும் விட்ட உப்பு, பூஞ்சை அல்ல.

பளபளப்புப் பூச்சுள்ள பீங்கானில் சுவர் வழியே எதுவும் வெளியேறாது. அடியில் ஒரே துளை என்றால் மண்ணுக்குப் பதிலாகப் போடும் மரப்பட்டையின் ஒரு துண்டே அதை அடைத்துவிடும். மூன்று நான்கு வேண்டும். வீட்டிலேயே துளையிடுபவர்கள் 8 மி.மீ. டைமண்ட் பிட் போட்டு, இடத்தில் டேப் ஒட்டி, நீர் தெளித்துக்கொண்டே மெதுவாக ஓட்டுங்கள். டிரில்லின் சுத்தியல் விசை அணைந்திருக்கட்டும். அது ஓடினால் தொட்டி விரிசல் விடும்.

வடிவத்தில் ஒன்றை மட்டும் தவிர்க்கச் சொல்வோம்: வயிறு பெருத்து வாய் குறுகிய ஜாடி. பார்க்க அழகுதான். ஆனால் மரப்பட்டை இரண்டு ஆண்டுகளில் மக்கிவிடும், செடியை மாற்றியாக வேண்டும். அப்போது வேர்ப்பந்து அந்த வாய் வழியாக வராது. வேரை வெட்ட வேண்டும், அல்லது ஜாடியை உடைக்க வேண்டும்.

பெரிய தொட்டி செடிக்குத் தாராளம் என்று நினைக்காதீர்கள். வேர் எட்டாத இடத்தில் ஈரம் தங்கி மக்கும். பழைய தொட்டியைவிட 2, 3 செ.மீ. அகலம் போதும். டென்ட்ரோபியம் நெருக்கத்தையே விரும்பும். உயரமான தண்டால் சாயும் என்பதால் சிறிய தொட்டியைக் கனமான வெளித்தொட்டிக்குள் நிறுத்துங்கள். கேட்லியா ஒரே பக்கமாக நகர்ந்து வளரும். அகலமான, ஆழமில்லாத தொட்டியில் பழைய பக்கத்தை ஓரமாக ஒட்டி நட்டு, புதுக் குருத்துக்கு எதிரே இடம் விடுங்கள். சிம்பிடியத்துக்கு ஆழம் வேண்டும். வாண்டாவுக்குத் தொட்டியே வேண்டாம், மரச்சட்டக் கூடை போதும்.

வெயில் படும் இடத்தில் கறுப்புத் தொட்டியும் உலோகத் தொட்டியும் வேரை வேகவைத்துவிடும். செம்புப் பாத்திரத்தில் நேரடியாக நடாதீர்கள், செம்பு வேருக்கு நஞ்சு. மேலே பரப்பும் அலங்காரக் கற்களும் பாசியும் உள்ளே ஈரம் இருக்கிறதா என்பதை மறைத்துவிடும்; படம் எடுத்து முடித்ததும் எடுத்துவிடுங்கள்.

தொட்டி வாங்க வரும்போது உள்தொட்டியின் வாய் விட்டத்தையும் உயரத்தையும் அளந்து குறித்துவாருங்கள். செடி பூத்திருந்தால் இப்போதைக்கு வெளித்தொட்டி மட்டும் போதும். வேரைத் தொடும் வேலையைப் பூ உதிர்ந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் செடிக்கடையினர்