'ஆஃப்டர்மேத்': அறுத்த நிலத்தில் மறுபடி தழைத்த புல்

அன்புள்ள தம்பிக்கு,

'பின்விளைவு' என்ற பொருளில் இன்று வழங்கும் 'ஆஃப்டர்மேத்' என்ற ஆங்கிலச் சொல்லின் ஈற்றில் நிற்கும் 'மேத்' கணிதத்தைக் குறிப்பதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. கணிதத்தைக் குறிக்கும் சொல், கற்றல் என்னும் பொருளுடைய கிரேக்க வேரிலிருந்து வந்தது. இந்த 'மேத்' பழைய ஆங்கிலத்தில் புல்லறுப்புக்கு வழங்கிய பெயர். புல்லை அறுப்பதைச் சொல்லும் 'மோ', புல்வெளியைச் சொல்லும் 'மெடோ', ஜெர்மானியரின் 'மாட்' எல்லாம் இதன் உறவுச் சொற்களே. ஓர் ஆள் ஒரு பகலில் அறுத்து முடிக்கும் பரப்பை, அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கரை, 'டே-மேத்' என்று நில அளவாகவே இங்கிலாந்தின் சில பகுதிகளில் சொல்லி வந்தார்கள்.

ஆகவே, 16ஆம் நூற்றாண்டில் எழுத்தில் ஏறிய ஆஃப்டர்மேத், முதல் அறுப்பு முடிந்தபின் அதே வேர்களிலிருந்து தழைக்கும் இரண்டாம் புல்லைத்தான் குறித்தது. நம் வைக்கோல் நெல்லைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் தாள். இங்கிலாந்து உழவர்கள் உலர்த்தியதோ தீவனத்துக்கென்றே வளர்த்த புல். ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ, பனி ஈரம் காயுமுன் அரிவாள் நன்றாக ஓடும் என்பதால் விடியலிலேயே இறங்கி, நின்றபடி இரு கைகளாலும் வீசும் நெடுங்காம்பு அரிவாளால் அறுப்பார்கள். வெயில் ஏறியதும் புல்லைப் பரப்பிப் புரட்டுவார்கள். இரவுப் பனிக்கு அஞ்சி மாலையில் சிறு குவியல்களாகக் கூட்டி, மறுநாள் மீண்டும் கலைத்துக் காயவைப்பார்கள்.

இரண்டாம் புல்லில் தண்டு குறைவு, இலை அதிகம், புரதமும் அதிகம். ஆனால் அது வளர்ந்து நிற்கும் காலத்தில் பகல் குறுகிப் பனி மிகுந்துவிடுவதால் காயவைப்பது பெரும்பாடு. அதனால் பெரும்பாலும் கால்நடைகளையே அதில் மேயவிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் ஜெர்மன் பேசும் உழவர்கள் இந்த இரண்டாம் அறுப்பை இன்றும் 'எம்ட்' என்று தனிப்பெயரிட்டு அழைக்கிறார்கள்.

எனக்கு இந்தச் சொல்லின் மேல் பற்று உண்டானதற்குக் காரணம் அதனோடு சேர்ந்திருந்த உரிமை. 'லாமஸ்' புல்வெளிகளில் முதல் புல் அவரவர் பங்குக்கு உரியது. லாமஸ் திருநாளாகிய ஆகஸ்ட் 1க்குப் பின் தழைப்பதோ மேய்ச்சல் உரிமையுள்ள ஊராருக்குப் பொது. இங்கிலாந்தின் வில்ட்ஷயர் மாவட்டத்தில் கிரிக்லேடு ஊரின் நார்த் மெடோவில் இந்த வழக்கம் இன்றும் தொடர்கிறது. அங்கே பொது மேய்ச்சல் தொடங்கும் நாள் ஆகஸ்ட் 12. 1752இல் நாட்காட்டியைத் திருத்தி 11 நாட்களை நீக்கியபோதும், பழைய லாமஸ் நாளை மேய்ச்சல் வழக்கம் விட்டுக்கொடுக்கவில்லை. பிப்ரவரி 12 வரை மேயும் மாடுகளும் குதிரைகளும் புல்லை ஒட்ட மேய்ந்து, குளம்புகளால் மண்ணைக் கிளறிவிடுவதால் விதைகள் மண்ணில் பதிகின்றன. ஃபிரிட்டிலரி என்னும் கட்டமிட்ட ஊதா மலர்கள் ஏப்ரலில் அங்கே திரளாகப் பூப்பதற்கு இந்த மேய்ச்சலும் ஒரு காரணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களுக்குப் பின் இத்தகைய பூம்புல்வெளிகளில் 97 விழுக்காடு அழிந்துவிட்டன என்பதை நினைக்கும்போது, அங்குள்ள காப்பாளர்கள் 'ஆஃப்டர்மேத் கிரேஸிங்' (அறுப்புக்குப் பின் தழைத்த புல்லில் மேய்ச்சல்) என்ற தொடரை வேலைச் சொல்லாகவே வைத்திருப்பது எனக்கு மிகுந்த ஆறுதல் தருகிறது.

17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே, ஒன்று நடந்து முடிந்தபின் தொடர்வதற்கும் இச்சொல்லை உவமையாக ஆளத் தொடங்கிவிட்டார்கள். போருக்கும் புயலுக்கும் பின் நிற்கும் அழிவு என்னும் பொருளே இன்று மேலோங்கி நிற்கிறது. இதைப் பிழை என்று சாடுவோரோடு எனக்கு உடன்பாடு இல்லை. அரிவாள் எல்லாவற்றையும் சாய்த்தபின் அந்த நிலத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்வி இரண்டு பொருளிலும் இருக்கிறது. 'பின்விளைவு' என்று நாம் எழுதும்போதும் உள்ளே இருப்பது விளைச்சலின் வேர்தானே.

ஆகவே, வெள்ளச் செய்தியில் இச்சொல் வந்தால் தயங்காமல் பின்விளைவு என்றே எழுதுங்கள். வேளாண் கட்டுரையில் வந்தால் மட்டும் அவ்வாறு எழுதிவிட வேண்டாம். வெட்டிய கரும்பின் கட்டையிலிருந்து தழைப்பதை நம் உழவர்கள் மறுதாம்பு என்கிறார்கள். அதைத் துணைகொண்டு 'மறுதாம்புப் புல்' என்று எழுதினால் சேலத்து வாசகருக்கும் கடலூர் வாசகருக்கும் உடனே விளங்கும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்