ஆயர் பொலிகார்ப்பின் காலணிகள்

அன்புள்ள சூசைக்கு,

உன் கடிதம் வந்தபோது எனக்குக் கண்புரை அறுவை முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. மருமகள்தான் வாசித்துக் காட்டினாள். அம்மாவின் ஜெபமாலையைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பார்த்ததாகவும், மணிகள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டதாகவும் நீ எழுதியிருந்த வரியை மட்டும் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னேன். இப்போது பார்வை தெளிந்துவிட்டது, நானே எழுதுகிறேன்.

விசுவாசத்துக்காக உயிர்கொடுத்த மறைசாட்சிகளின் எலும்பை முத்தமிடுவது உன் மகளுக்கு அருவருப்பாக இருக்கிறது என்றாய். அவளைக் கடிந்துகொள்ளாதே. ஸ்மிர்னா நகரத்து ஆயர் பொலிகார்ப்பைப் பற்றிச் சொல். இன்றைய துருக்கியின் இஸ்மிர்தான் அந்த ஊர். ஏறத்தாழ 155ஆம் ஆண்டில் அவர் கொல்லப்பட்ட பின், அந்த ஊர்த் திருச்சபை பிலமேலியம் என்ற ஊரின் திருச்சபைக்கு நடந்ததையெல்லாம் எழுதிய கடிதம் இன்றும் நம் கையில் இருக்கிறது.

பிடிக்க வந்த காவலர்களுக்கு உணவு பரிமாறச் சொல்லிவிட்டு, ஜெபிக்க ஒரு மணி நேரம் கேட்ட முதியவர் அவர். கிறிஸ்துவைப் பழித்தால் விட்டுவிடுவதாக ரோமை ஆளுநர் சொன்னபோது, 86 ஆண்டுகளாக ஊழியம் செய்தும் தமக்கு ஒரு தீங்கும் செய்யாத தம் அரசரை எப்படிப் பழிப்பது என்று கேட்டார். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். என்னை உலுக்கியது அடுத்து வரும் ஒரு சிறு செய்தி. விறகு அடுக்கியானதும் அவர் மேலாடையைக் களைந்து, இடைக்கச்சையை அவிழ்த்து, காலணிகளையும் தாமே கழற்ற முயல்கிறார். ஆனால் அது அவருக்குப் பழக்கமில்லை. ஏனென்றால் அவரைத் தொடும் பேறு யாருக்கு முதலில் கிடைக்கும் என்று விசுவாசிகள் எப்போதும் முந்திக்கொண்டு வந்து கழற்றிவிடுவார்களாம்.

சூசை, புனிதர்களின் எலும்புகளையும் பொருள்களையும் போற்றும் திருப்பண்ட வணக்கத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். உயிரோடிருந்தபோது அந்தப் பாதங்களைத் தொட்ட கைகளே, பின்னர் சாம்பலில் அவருடைய எலும்புகளைத் தேடின. உடலைக் கொடுத்தால் கிறிஸ்தவர்கள் சிலுவையில் அறையப்பட்டவரை விட்டுவிட்டு இவரை வழிபடத் தொடங்குவார்கள் என்று சிலர் சொன்னதால், ரோமைப் படையின் நூற்றுவர் தலைவன் உடலை எரித்துவிட்டான். அதற்கு ஸ்மிர்னா மக்கள் அக்கடிதத்திலேயே பதில் சொல்லிவிட்டார்கள்: கிறிஸ்துவை இறைமகனாக ஆராதிக்கிறோம், மறைசாட்சிகளை ஆண்டவரின் சீடர்களாக நேசிக்கிறோம். மணிக்கற்களைவிட மதிப்புள்ளவை என்று அந்த எலும்புகளைச் சேர்த்துத் தகுந்த இடத்தில் வைத்து, அவர் சாட்சியாக இறந்த நாளைப் பிறந்த நாளாகக் கொண்டாடக் கூடுவோம் என்றும் எழுதினார்கள்.

177இல், இன்றைய பிரான்சிலுள்ள லியோன் நகரில் கிறிஸ்தவர்களைக் கொன்றவர்கள் இந்த அன்பின் வலிமையை அறிந்திருந்தார்கள். மறைசாட்சிகளின் உடல்களை ஆறு நாள் வெளியில் போட்டு, பிறகு எரித்து, ஒரு துகளும் எஞ்சாதபடி சாம்பலை ரோன் ஆற்றில் தள்ளிவிட்டார்கள். எனக்கு வாசிக்க மிகவும் கடினமான பகுதி அது.

பிற்காலத்தில் கெட்ட வணிகமும் நுழைந்தது உண்மையே; மறைசாட்சிகளின் உடலை விற்கக் கூடாது என்று 386இல் ரோமைப் பேரரசர் தெயொதோசியு சட்டம் போட வேண்டியிருந்தது. அதை மகளிடம் மறைக்காதே. ஆனால் பேசும்போது பாட்டியின் ஜெபமாலையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் பேசு.

பொலிகார்ப்பின் திருநாள் பிப்ரவரி 23. அம்மாவின் ஆண்டுத் திருப்பலி அதற்கு முந்தைய நாள் மாலை என்று எழுதியிருந்தாய். மருத்துவர் பயணத்துக்கு அனுமதித்துவிட்டார். மதிய வண்டியில் வந்துவிடுகிறேன். கல்லறைக்குப் போவதானால் எனக்காகக் காத்திரு, சேர்ந்து போகலாம்.

அன்புடன்,
உன் அந்தோணி