வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும்

ஆசிரியருக்கு வணக்கம்,

கடலோரத்துல புயல்னா எல்லா சேனலும் பேசுது, ஆனா உள்நாட்டுல ஒதுக்குப்புறமா இருக்கிற வறண்ட பகுதிகள்ல கனமழை கொட்டினா யாரும் கண்டுக்கிறதே இல்லைங்க. அங்கதான் ஆபத்து ஜாஸ்தி, ஏன்னா காய்ஞ்சு இறுகின மண்ணு தண்ணிய சட்டுனு உறிஞ்சாது, பேஞ்சதெல்லாம் ஓடைக்கு ஓடி 6 மணி நேரத்துக்குள்ளயே வெள்ளமாயிடும், சில சமயம் மழை மேல எங்கயோ பேஞ்சிருக்கும், இங்க வெயிலடிக்கும்போதே தண்ணி பாய்ஞ்சு வரும். மழைமானி, ரேடார், செல்போன் சிக்னல் எல்லாமே அங்க குறைச்சல்.

ராத்திரில தரைப்பாலம் தாண்டுறவங்களை நெனச்சாதான் பயமா இருக்கு, 30 சென்டிமீட்டர் தண்ணி ஓடினாலே சின்ன கார் மிதந்துடும், 60 சென்டிமீட்டர்னா பெரிய வண்டியவே இழுத்துட்டுப் போயிடும். ஒவ்வொரு தரைப்பாலத்துலயும் அளவு குறிச்ச கம்பமாவது நட்டு வைங்க, ரேடியோவுல முன்கூட்டியே சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்