கேன் தண்ணீரில் பாசி நாற்றம்: புகார்

அனுப்புநர்: பாலக்கோட்டில் உள்ள உங்கள் வாடிக்கையாளர்
பெறுநர்: மேலாளர், குடிநீர் கேன் நிறுவனம், தருமபுரி
பொருள்: மூன்று கேன்களில் நாற்றம், பாசி

ஐயா,

நாலு வருஷமாக வாரம் இரண்டு கேன் உங்களிடம்தான் வாங்குகிறோம். ஒகேனக்கல் தண்ணீர் எங்கள் தெருவுக்கு வருகிற நாளில் குடத்தில் பிடித்து வைப்போம். அது தீர்ந்தால் உங்கள் கேன். இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை. இந்த இரண்டு வாரத்தில் வந்த மூன்று கேனும் வாயில் வைக்க முடியவில்லை.

சீலைக் கிழித்ததுமே ஈரச்சாக்கு நாற்றம். சொம்பில் ஊற்றி அரை மணி நேரம் வைத்தும் போகவில்லை. காய்ச்சிப் பார்த்தேன், நாற்றம் கொஞ்சம் அடங்கியது, பிளாஸ்டிக் வாடை அப்படியே நின்றது. காலி கேனைக் கவிழ்த்து டார்ச் அடித்தால், கழுத்துக்குக் கீழே மடிப்பில் பச்சையாக ஒரு கோடு. குச்சியில் துணி சுற்றித் தேய்த்தேன், துணியில் பச்சை ஒட்டிக்கொண்டு வந்தது.

போனில் சொன்னதற்கு, "லேப் ரிப்போர்ட் சரியாக இருக்கிறது, டிடிஎஸ் 60தான், ருசி ஆளுக்கு ஆள் மாறும்" என்றார்கள். கேன் போடும் தம்பியும் டிடிஎஸ் மீட்டரைத் தண்ணீரில் முக்கிக் காட்டினார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த மீட்டர் தண்ணீரில் கரைந்த உப்பைத்தான் காட்டும், பாசியைக் காட்டாது. நாற்றம், ருசி எல்லாம் அவரவர் விருப்பம் என்பதும் சரியில்லை. பொதுக் குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, கேன் தண்ணீருக்கான ஐ.எஸ். 14543 இரண்டு தரத்திலும் நிறம், கலங்கலோடு வாசனையும் சுவையும் இருக்கின்றன. அவை ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது விதி.

எனக்குப் பெரிய கவலை இதுதான். என் அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "இது எறங்காது கண்ணு" என்று டம்ளரை வைத்துவிட்டார். அப்புறம் தெருக்கோடி வீட்டு போர் தண்ணீருக்குப் போய்விட்டார், கூடவே ஆறு வயசு பேத்தியும். அந்தத் தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கும், வாய்க்கும் இனிக்கும். பல்லையும் எலும்பையும் கெடுக்கும் புளோரைடு அதிகம், குடிக்கக் கூடாது என்று பரிசோதித்துச் சொன்ன போர் அது. புளோரைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லையென்றால் 1.5 வரை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் கூடும்.

அம்மா பென்னாகரம் பக்கம் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். பல்லில் பழுப்புக் கறை, கீழே உட்கார்ந்தால் ஒரு கை பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். பேத்திக்கு நிலைப்பல் உருவாகிற வயசு. இந்த மாவட்டத்தில் புளோரைடுக்காகவே ஒகேனக்கல் திட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல தண்ணீரே என்றாலும் வாய்க்குப் பிடிக்காவிட்டால் மக்கள் ஆபத்தான தண்ணீரைத் தேடிப் போவார்கள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலும் சொல்கிறது. என் வீட்டில் அதுதான் நடந்தது.

உங்கள் குடோனுக்கு வெளியே தண்ணீர் நிரப்பிய கேன்களைத் தகரக் கூரைக்கு முன்னால் வெயிலில் அடுக்கியிருப்பதைப் போகிற வழியில் பார்த்திருக்கிறேன். வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்காமல் என்ன செய்யும்? அவற்றை நிழலுக்கு மாற்றுங்கள். கீறல் விழுந்து மங்கிப்போன கேன்களைத் திரும்ப நிரப்பாதீர்கள், கீறலில் பாசி தங்கிவிடும், கழுவினாலும் போகாது. மூன்று கேனுக்கும் 120 ரூபாய் திருப்பித் தர வேண்டும், இல்லை வேறு கேன் கொடுங்கள். பத்து நாளுக்குள் பதில் இல்லையென்றால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கொடுப்பேன்.

மூன்றாவது கேனைக் கொட்டாமல் திண்ணையில் வைத்திருக்கிறேன். யாரையாவது அனுப்பி, மோந்து பார்த்து எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்